மெடிக்கலுக்குப் போகும் லொறிச் சாரதி மறைக்கக்கூடாதவை

கனரக வாகன அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழ் தேவை. லொறியும் டிப்பரும் ஓடி வீடு பார்க்கிறவர்களுக்கு, அந்தச் சான்றிதழுக்காக ‘மெடிக்கல்’ சோதனைக்குப் போகும் ஒரு காலைப்பொழுது பெரிய பயம். பயத்தில் வருத்தத்தை மறைக்கிறார்கள். மறைக்கப்படும் வருத்தங்களில் அநேகமானவை மருந்தாலும் கண்ணாடியாலும் கட்டுப்படக்கூடியவை, அதுதான் கவலை.

சீனி வருத்தத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, குறிஞ்சா இலை தின்று வந்தால் வெறும் வயிற்றுச் சீனி கொஞ்சம் இறங்கலாம். ஆனால் எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். இதைவிட ஆபத்து, குளிசையையும் போட்டுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மெடிக்கலுக்கு வாகனம் ஓட்டி வருவது. மெற்போர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அபாய அளவுக்கு இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் குளிசைகளும் இன்சுலினும் அப்படியல்ல. சீனி 70க்கு (mg/dL) கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பிறகு புத்தி தடுமாறும். நெடுங்காலமாக வருத்தம் உள்ளவருக்கு நடுக்கமும் வியர்வையும் வராமலே நேரே தடுமாற்றம் வரலாம். பக்கத்திலிருப்பவர் குடிவெறி என்று நினைத்துவிடுவார்.

இன்சுலின் போடுபவர் ஓட்டத் தொடங்குமுன் விரலைக் குத்திச் சீனியைப் பார்த்து, 90க்குக் குறைவென்றால் முதலில் சாப்பிட வேண்டும். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பார். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அந்த நேரத்திலேயே விரலையும் குத்திப் பார்த்துவிடலாம். சீனி இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் ஸ்டியரிங்கைத் தொடவேண்டாம். மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும்.

பிரசரில் உண்மையாகவே அநியாயமாகத் தவறுகிறவர்கள் உண்டு. பஸ்ஸால் இறங்கி ஓடிவந்து, பிளேன்ரீ குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, கால்மேல் கால் போட்டிருந்தால் அளவு ஏறித்தான் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றினாலும் அப்படியே. சலம் கழித்துவிட்டு, 5 நிமிடம் முதுகைச் சாய்த்துப் பேசாமல் இருந்து அளக்கக் கேளுங்கள். அன்றைக்குக் குளிசையை நிறுத்திவிட்டு வராதீர்கள். சிறுநீரைக் கூட்டும் பிரசர்க் குளிசையை, வழியில் இறங்க வேண்டுமே என்று விட்டுவிடும் சாரதிகள் இருக்கிறார்கள். நேரத்தை மாற்றித் தரச்சொல்லிக் கிளினிக்கில் கேட்டால் போதும். பிரசோசின் என்ற பிரசர்க் குளிசையைப் புதிதாகத் தொடங்கியவர் கபினிலிருந்து சட்டென்று குதித்து இறங்கினால் தலை சுற்றி விழலாம்.

கண் சோதனையில் 6/12 என்றால், நல்ல கண் 12 மீற்றரில் வாசிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீற்றரில்தான் வாசிக்கிறது என்று பொருள். கண்ணைச் சுருக்கினால் ஓரிரு வரி கூடத் தெரியும். சுருக்கிப் பார்த்துத் தேறியவருக்கு இரவில் அது கைகொடுக்காது. கண்ணில் புரை தொடங்கியவருக்கு எதிரே வரும் ஹெட்லைற் வெளிச்சம் சிதறி வீதியையே மூடிவிடும். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வீதியில் படுத்திருக்கும் கறுத்த மாடு அந்த வெளிச்சத்துக்குப் பின்னால்தான் கிடக்கும். கண்ணாடி போட்டு ஓட்டுவது குறையல்ல. மெடிக்கலுக்கு அதைக் கொண்டுபோங்கள், கிளினிக் கொப்பியையும் மருந்துச் சீட்டுகளையும் கூடவே.

வன்னியில் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. யுத்தத்தில் தலையில் ‘பீஸ்’ (ஷெல், குண்டுச் சிதறல்) பட்டவர்களுக்குப் பல வருடம் கழித்தும் வலிப்பு தொடங்கலாம். கை கால் உதறி விழுவது மட்டும் வலிப்பல்ல. சில விநாடி வெறித்துப் பார்ப்பது, வாயோரம் இழுப்பது, ஒரு கை மட்டும் துடிப்பது, பேசிக்கொண்டிருந்ததை இடையில் மறந்துபோவது எல்லாம் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். இதைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். வலிப்பு உறுதியானால் கனரக வாகனத்தை விடவேண்டி வரும், அது பெரிய இழப்புத்தான். எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதினால் உடம்பில் பீஸ் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைத்துவிடும்.

நித்திரையை மெடிக்கலில் அதிகம் கேட்பதில்லை. மனைவியிடம் கேளுங்கள்: குறட்டை நடுவில் நின்று, மூச்சடைத்துத் திணறி எழும்புகிறீர்களா? கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தாண்டினால், நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் இந்த வருத்தத்துக்கு வாய்ப்புக் கூட. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் பகலில் கண் சொருகும். மணிக்கு 60 கிலோமீற்றரில் நான்கு விநாடி கண்ணயர்ந்தால் லொறி 65 மீற்றருக்கு மேல் ஆளில்லாமல் ஓடுகிறது. தடிமனுக்குக் குளோர்பெனிரமின் குளிசை போட்ட இரவில் ஓட்டவேண்டாம். வெற்றிலை நித்திரைக்கு ஈடாகாது.

கிளீனரிடமும் உங்கள் வருத்தத்தைச் சொல்லிவையுங்கள். சீனிப் போத்தல் எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டும். நினைவு இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும்.