என்52 கேட்கும் முன் வெப்பநிலையைச் சொல்லுங்கள்

கருவி வடிவமைப்பவர்கள் காந்தம் பற்றி என்னிடம் பேச வரும்போது பெரும்பாலும் முடிவோடுதான் வருவார்கள். "இருப்பதிலேயே வலுவானது என்52 (N52) தர நியோடிமியக் காந்தம்தானே, அதையே போட்டுவிடலாமா?" அறை வெப்பநிலையில் ஒரு பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் வேலை என்றால் தாராளமாகப் போடலாம். மோட்டாருக்குள் போகிறது என்றால் வலிமைப் பேச்சு கொஞ்சம் காத்திருக்கட்டும். அந்தக் காந்தத்தைக் கெடுக்க அங்கே என்னென்ன காத்திருக்கின்றன என்பதை முதலில் சொல்லுங்கள்.

என்52 என்பதில் உள்ள 52, மெகா காஸ் எர்ஸ்டெட் அலகில் அதன் உச்ச ஆற்றல் பெருக்கம், அதாவது ஒரு கன அளவு காந்தம் எவ்வளவு வலுவானது என்பதற்கான அளவு. கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோஜூல். எல்லோர் கண்ணும் இந்த எண்ணில்தான் நிற்கிறது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காந்தம் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை அது சொல்லும். எழுத்தே இல்லாவிட்டால் 80 டிகிரி செல்சியஸ் வரை. எம் என்றால் 100, எச் 120, எஸ்எச் 150, யுஎச் 180, இஎச் 200. எதிர்த் திசைப் புலத்தைத் தாங்கும் திறனை, அதாவது காந்த நீக்கு விசையை, ஒட்டியே இந்த எழுத்துகள் அமைகின்றன. நியோடிமியத்தில் அந்த விசை டிகிரிக்கு 0.6 சதவீதம் வரை குறையும். 20 டிகிரியிலிருந்து 100க்குப் போனால் ஏறக்குறைய பாதி போய்விடும்.

அந்த 80, 120 எல்லாம் உத்தரவாதமும் அல்ல. காந்தம் போதிய தடிமனோடு இருக்கிறது, அல்லது காந்தப் புலம் எளிதில் சுற்றிவர உதவும் இரும்புப் பாதைக்குள் பொருந்தியிருக்கிறது என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கிறது. மெல்லிய வட்டத் தகட்டைத் தடிமன் வாக்கில் காந்தமாக்கித் தனியே வைத்தால், அதன் துருவங்களே அதற்கு எதிரான புலத்தை உண்டாக்கும். அப்படிப்பட்ட தகடு 80 டிகிரியை எட்டும் முன்பே வலுவிழக்கத் தொடங்கலாம். சூட்டில் குறைந்து ஆறியதும் திரும்பிவிடும் இழப்பு ஒன்று. ஆறிய பிறகும் திரும்பாத இழப்பு இன்னொன்று. சோதனை மேசையில் நன்றாக ஓடிய மோட்டார், சில கடுமையான சூட்டுச் சுற்றுகளுக்குப் பிறகு முறுக்குவிசை குறைந்து திரும்பி வந்தால் எனக்கு முதல் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் யுஎச் கேட்பதும் சரியல்ல. உயர் வெப்பத் தரங்களுக்கு டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அரிய தனிமங்களைச் சேர்ப்பதே வழக்கமான வழி. அவை விலை கூடியவை. 2025 ஏப்ரலில் சீனா இவற்றோடு சமாரியத்தையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. காந்தத்தைக் கொஞ்சம் தடிமனாக்கியோ குளிர்விப்பை மேம்படுத்தியோ ஒரு தரம் கீழே இறங்க முடியுமா என்று நான் எப்போதும் கேட்பேன்.

250 டிகிரியைத் தாண்டினால் நியோடிமியத்தை மறந்துவிடுங்கள். சமாரியம் கோபால்ட் 300 டிகிரி வரை நிற்கும், எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் கண்ணாடி போலத் தெறிக்கும். பொருத்தும்போது ஓரங்கள் உடையும். ஹைட்ரஜன் சூழலிலும் நியோடிமியம் வேண்டாம். ஹைட்ரஜனை உறிஞ்சிப் பொடிந்துபோகும்.

இரும்பு ஆக்சைடால் ஆன பீங்கான் வகைக் காந்தமான ஃபெரைட்டை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காந்தத் தேக்கம், அதாவது காந்தமாக்கிய பின் அதில் தங்கும் புலம், 0.4 டெஸ்லா அளவுதான், நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் துருப்பிடிக்காது, பூச்சு வேண்டாம். மின்சாரத்தைக் கடத்தாததால் மாறும் புலத்தால் உள்ளே எழும் சுழல் மின்னோட்டத்தால் சூடேறுவதும் இல்லை. இடம் தாராளமாக உள்ள மோட்டாரில் அதுவே போதும். அதன் விசித்திரம் வேறு: சூட்டில் காந்த நீக்கு விசை கூடும், குளிரில் குறையும். உறைபனிக் காலையில் கெட்டியான எண்ணெயை எதிர்த்து வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும்போது, எதிர்ப்புலம் உச்சத்தில் இருக்கும். காந்தமோ மிக பலவீனமான நிலையில் இருக்கும். எனவே ஃபெரைட் வடிவமைப்பை மிகக் குறைந்த வெப்பநிலையில் சரிபார்க்க வேண்டும். சூட்டில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் அதிகம்.

அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்புக் கலவையான அல்நிக்கோ 500 டிகிரியிலும் வேலை செய்யும், வெப்பத்தால் அதன் புலம் மிகக் குறைவாகவே மாறும். அளவீட்டுக் கருவிகளுக்கு இன்றும் நல்ல தேர்வு. ஆனால் எதிர்ப்புலத்துக்கு எளிதில் பணிந்துவிடும். குட்டையாக வெட்டக்கூடாது, இரும்புப் பாதையைப் பிரித்து எடுத்தாலே வலு குறையலாம்.

விற்பனையாளருக்கு எழுதும்போது கருவியின் சராசரி வெப்பநிலையை எழுதாதீர்கள். காந்தம் இருக்கும் இடத்தின் உச்ச வெப்பநிலை, அதே நேரத்தில் பாயக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம், இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். மோட்டார் சிக்கி நின்றாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ பாயும் மின்னோட்டமும் அதில் அடங்க வேண்டும். அவர் 20 டிகிரி வரைபடத்தை மட்டும் அனுப்பினால், உங்கள் வெப்பநிலைக்கான காந்த நீக்க வளைகோட்டை, அதாவது எதிர்ப்புலம் கூடக்கூடக் காந்தம் எப்படி வலுவிழக்கிறது என்று காட்டும் வரைபடத்தை, கேட்டு வாங்குங்கள். மாதிரி வந்ததும் அதன் காந்தப் பாயத்தை (அதிலிருந்து வெளிவரும் மொத்தப் புலத்தின் அளவை) அளந்து, கருவியில் பொருத்தி முழுச் சுமையில் சூடாக்கி, ஆறவிட்டு, வெளியே எடுத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.