மினியேச்சர்: நுண்சிற்பமா, சிறுபாவையா?

உள்ளங்கையில் அடங்கும் ரோமானியப் படைவீரன், குதிரைமேல் நெப்போலியன் காலத்துத் தளபதி. உலோகத்திலோ, ரெசின் என்ற செயற்கைப் பிசினிலோ வார்த்து, சீருடைப் பொத்தான் வரைக்கும் வண்ணம் தீட்டிய இந்த உருவங்களை மினியேச்சர் என்கிறோம். தமிழில் எழுதுபவர்கள் இப்போது 'நுண்சிற்பம்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் ஒரே கட்டுரையில் பதினோரு இடத்தில் அதைப் பார்த்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். கையெழுத்துப் பிரதிகளை அந்தச் சிவப்பால் அழகுசெய்யும் வேலை இத்தாலியனில் மினியாதூரா ஆனது. அந்தப் படங்கள் சிறியவை. 'சிறிய' என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் ஒலியும் ஒத்திருந்தது. பொருள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆக, சொல்லின் வேரில் இருப்பது வண்ணம். சிறுமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, நுண்சிற்பத்துக்கு வருவோம். நுண்ணுயிர், நுண்ணோக்கி என்னும்போது கண்ணுக்கு எளிதில் எட்டாத ஒன்றைச் சொல்கிறோம். பென்சில் முனையிலும் அரிசிமணியிலும் செதுக்குகிறார்களே, அதுதான் நுண்சிற்பம். அந்தக் கலைக்கு அந்தச் சொல் வேண்டும். அதைப் பிடுங்கி இங்கே ஒட்டக்கூடாது. படைவீர உருவங்களின் மரபான அளவு 54 மில்லிமீட்டர். ஓர் ஆளை 32-இல் ஒரு பங்காக்கினால் வரும் உயரம் அது, ஏறக்குறைய சுண்டுவிரல் அளவு. 75, 90 மில்லிமீட்டரிலும் செய்கிறார்கள். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் உருவம்கூட, மேசைக்கு எதிரே நிற்பவருக்கு வில்லாளி என்று தெரியவேண்டும் என்றே செய்யப்படுகிறது. இதில் நுண் எங்கே வந்தது?

'சிற்பம்' என்ற பாதி இன்னும் மோசம். கலைஞர் ஒரு மூல உருவம் செய்கிறார். அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து நிறைய வார்க்கிறார்கள். வாங்குபவர் பிசிறு நீக்கி, துண்டுகளை ஒட்டி, அடிப்பூச்சு கொடுத்து, அப்புறம்தான் தீட்டத் தொடங்குகிறார். இவ்வளவு சிறிய உடையின் மடிப்புகளில் இயல்பான நிழல் போதுமான அளவு விழாது. எனவே மடிப்பின் பள்ளத்தில் இருளையும் மேட்டில் ஒளியையும் தூரிகையே உண்டாக்க வேண்டும். முகம் ஒன்றுக்கே மெல்லிய பூச்சுகள் பல. சிற்பம் என்று சொல்லிவிட்டால் இந்த உழைப்பு முழுக்கக் கண்ணில் படாமல் போகிறது.

'பொம்மை' நல்ல சொல்தான், ஆனால் குழந்தை கைக்குப் போய்விட்டது.

நம்மிடம் பாவை இருக்கிறது. பாவை என்றால் பெண் அல்லவா என்பார்கள். தோற்பாவைக் கூத்தில் இராமனும் இராவணனும் பாவைகள்தானே? கண்மணிக்குள் தெரியும் சின்ன மனித உருவத்தையும் பாவை என்றார்கள். 'கருமணியிற் பாவாய்' என்கிறது குறள். சின்ன மனித உருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் சிறுபாவை.

தீட்டும் வேலைக்கும் சொல் தயாராக இருக்கிறது: புனைதல். 'மண்மாண் புனைபாவை' என்பது 407-ஆம் குறள். நெடுநல்வாடையில் அணிகலன் களைந்திருக்கும் அரசிக்கு 'புனையா ஓவியம்' உவமையாகிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆக, பெட்டியிலிருந்து எடுத்த சாம்பல் நிற உருவம் புனையாப் பாவை, தீட்டி முடித்தது புனைபாவை, இந்தக் கலை பாவை புனைதல். மூலச்சொல்லின் வேரிலிருந்த வண்ணமும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று எடுத்து ஒட்டுவதற்கு முன், அந்தப் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

எகிப்தின் அஸ்யூத்தில், மெசெஹ்தி என்பவரின் கல்லறையில் கிடைத்த படை ஒன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமை. நாற்பது எகிப்திய ஈட்டிக்காரர்கள், நாற்பது நூபிய வில்லாளிகள். எல்லாம் வண்ணம் தீட்டிய மரம், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் உயரம். போன வாரம் பார்த்த அந்தக் கட்டுரை அவற்றையும் 'மர நுண்சிற்பங்கள்' என்றே எழுதியிருந்தது. குறளில் மரப்பாவை என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது.