விண்கலத்தைத் தின்னும் ஆக்சிஜன்

மாட்டுத்தாவணிப் பக்கம் சித்திரையில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் ஆடி பிறப்பதற்குள் வெளிறி, மடிப்பு மடிப்பாக வெடித்துவிடும். மதுரை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் வேதிப் பிணைப்புகளை அறுப்பதுதான் காரணம். இத்தனைக்கும் அந்தக் கதிர்களில் கொடியவற்றை ஓசோன் மேலேயே தடுத்துவிடுகிறது.

வண்டியூர் தெப்பக்குளக் கரையில் நின்றால், சில நாட்களில் அந்தி சாய்ந்ததும் சர்வதேச விண்வெளி நிலையம் வெள்ளைப் புள்ளியாகக் கடப்பதைப் பார்க்கலாம். அது பறக்கும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் காவல் கிடையாது. காற்றும் இல்லை என்றுதான் நினைப்போம். ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வம்பே அதில்தான். அங்கே புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. காற்று அவ்வளவு நீர்த்துக் கிடப்பதால், பிரிந்த அணுக்கள் மறுபடி ஜோடி சேர எளிதில் வழியில்லை. தனி ஆக்சிஜன் அணு எதையும் பற்றிக்கொள்ளத் துடிக்கும். அதன்மேல் விண்கலம் நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது. மதுரையிலிருந்து ஒரே நிமிடத்தில் சென்னை போகும் வேகம்! மோதலின் ஆற்றல் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட்; கலத்தின் மேலுள்ள பிளாஸ்டிக்கின் கார்பன் பிணைப்பை உடைக்க அது தாராளம். உடைந்த கார்பன் வாயுவாகிப் பறந்துவிட, பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

1984 ஏப்ரலில் நாசா எல்டெஃப் என்ற கலத்தைப் பொருட்களின் மாதிரிகளோடு விண்வெளியில் மிதக்கவிட்டது. ஓராண்டில் எடுத்துவரத் திட்டம். 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த விபத்தால் தள்ளிப்போய், 1990 ஜனவரியில்தான் கீழே வந்தது. என் கணக்கில், அந்தத் தாமதமே பெரிய லாபம். பறக்கும் திசையைப் பார்த்த முகப்பில் இருந்த மெல்லிய காப்டான் (ஒருவகை பிளாஸ்டிக்) படலங்கள் முழுவதும் காணாமல் போயிருந்தன; பின்புறத்தில் இருந்தவை தப்பின.

இதற்கு மருந்து, ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட பொருளையே மேலே பூசுவது. நிலையத்தின் சூரியத் தகடுகளைத் தாங்கும் காப்டான் விரிப்பில் சுமார் 130 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடு பூச்சு உண்டு. நுண்கல் ஒன்று ஊசித்துளை போட்டால் போதும், ஆக்சிஜன் உள்ளே புகுந்து பூச்சின் அடியைக் குடைந்துகொண்டே போகும்.

டெஃப்லானை ஆக்சிஜன் அவ்வளவாகத் தொடுவதில்லை. கதிர்வீச்சும், ஒன்றரை மணிக்கொரு முறை மாறும் வெப்பமும் குளிரும் அதை நொறுங்கவைக்கின்றன. 1997இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போனவர்கள், அதன் டெஃப்லான் வெப்பக்காப்புப் போர்வை விரிசல் விட்டிருப்பதைக் கண்டு ஒட்டுப்போட்டார்கள்.

நம் மொட்டைமாடி டிஷ் பார்த்து நிற்கும் செயற்கைக்கோள்களுக்கு ஆக்சிஜன் பயம் இல்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அவற்றின் தொல்லையே வேறு: எலக்ட்ரான்கள் மின்காப்புப் பொருளில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மின்பொறியாக வெடித்து, கருவிகளைப் பதம் பார்க்கின்றன.