சீன மூலிகை ஏன் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை?

சிங்கப்பூரின் பழைய சீன மருந்துக் கடைகளில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள் இருக்கும். கடைக்காரர் மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறப்பார். கைத்தராசில் நிறுத்து, விரித்து வைத்த தாளில் கொட்டுவார். சீவல் போல மெல்லிசாக வெட்டிய வேர், காய்ந்த சாமந்திப் பூ, சிவப்பு கோஜிப் பழம், ஏதோ ஒரு மரப்பட்டை. சில சீட்டுகளில் சிள்வண்டு உரித்துப் போட்ட கூடுகூட உண்டு. பத்துப் பன்னிரண்டு சரக்கு சேர்ந்ததும் தாளை மடித்துக் கொடுப்பார். வீட்டில் மண்சட்டியில் கொதிக்க வைத்து கஷாயமாகக் குடிக்க வேண்டும்.

குடித்தவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டால் "மருந்து ஒத்துக்கல" என்கிறோம். ஒரே சொல்தான். ஆனால் உடம்புக்குள் நடந்தது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பலவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்பவர்களும் சரி, "சீன மருந்தே விஷம்" என்பவர்களும் சரி, இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காததால் ஆபத்தில் மாட்டுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

பறவைக்கூட்டை எடுத்துக்கொள்வோம். உழவாரன் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை தன் எச்சிலாலேயே கட்டும் கூடு அது. தூசி, இறகெல்லாம் பொறுக்கி எடுத்து, கற்கண்டு போட்டு வேகவைத்து, உடம்பு தேறட்டும் என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். 1990களில் சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு உணவு ஒவ்வாமையால் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கி வந்த குழந்தைகளைக் கவனித்தபோது, வேர்க்கடலையையும் நண்டு இறாலையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் நின்றது இந்தக் கூடுதான்.

முதல் தடவை சாப்பிடும்போது பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அப்போதுதான் உடம்பு அந்த எச்சில் புரதத்தைப் பகையாக எண்ணி, அதற்கென்றே ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. அது தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்து இரண்டு ஐ.ஜி.ஈ-க்களைச் சேர்த்துப் பிடித்ததும், மாஸ்ட் செல் உள்ளே வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைச் சில நிமிடங்களிலேயே கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உதடு வீங்குகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது. "போன மாதம் குடித்தபோது ஒன்றும் ஆகவில்லையே" என்பது இங்கே ஆறுதலே அல்ல.

சாமந்தித் தேநீரும் இந்த வகையில் சேரும். சாமந்தியும் மாசிப்பத்திரி இனமும் ஒரே குடும்பம். வட சீனாவில் கோடை முடிந்து இலையுதிர்காலம் வரும்போது மாசிப்பத்திரி இன மகரந்தத்தால் தும்மித் தவிப்பவர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்குச் சாமந்தித் தேநீரும் ஆகாது, புரதங்கள் அவ்வளவு ஒத்திருக்கும். கொரியாவில் மூலிகைக் கடைக்காரர்களுக்கே வேர்த் தூளைச் சுவாசித்துச் சுவாசித்து ஆஸ்துமா வந்திருக்கிறது. பகலெல்லாம் அந்த இழுப்பறைகளைத் திறந்து மூடுகிற ஆளுக்குத்தானே அதிகத் தூசி?

அப்புறம், தைலங்கள். சுளுக்கு, அடிபட்ட வீக்கம் இவற்றுக்குச் சீனர்கள் தேய்க்கும் மருந்துகளில் குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் சேர்ப்பது வழக்கம். இரண்டும் மரப்பிசின்கள். இவற்றில் உள்ள சில மூலக்கூறுகள் மிகச் சின்னவை. தனியாக இருந்தால் நோயெதிர்ப்பு மண்டலம் திரும்பிக்கூடப் பார்க்காது. தோலுக்குள் இறங்கி நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும் நிலைமை மாறுகிறது. நம் புரதமே அன்னியப் பொருளாகத் தெரிய, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. இங்கே ஐ.ஜி.ஈ-க்கு வேலை இல்லை. டி செல்கள் பெருகித் தோலுக்கு வந்துசேர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதற்குள் தைலம் தேய்த்ததையே மறந்துபோய், நேற்று சாப்பிட்ட மீன்மேல் பழி போடுகிறோம். அதைவிட மோசம், சிவந்து கொப்புளித்த இடத்தைப் பழைய அடியின் வீக்கம் என்று நினைத்து மேலும் தேய்ப்பது. தைலம் போட்டதும் சுரீரென்று எரிவது வேறு. அது பெரும்பாலும் மெந்தாலும் கற்பூரமும் செய்யும் வேலை.

இதே வகையில் நம் ஊர்வரை நீளும் ஒரு கதையும் உண்டு. சீனத்து அரக்கு மரத்தின் பாலை உலர்த்தி, அங்கே மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். அதில் இருக்கும் உருஷியால் தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும். அந்த மரம் மா, முந்திரி, சேங்கொட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயிலும் சேங்கொட்டைப் பாலிலும் உருஷியாலுக்கு நெருங்கிய உறவினர்கள் இருக்கிறார்கள். சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டையால் துணிக்குக் குறி போட்ட காலத்தில், அந்தக் குறி பட்ட கழுத்தில் புண் வந்தது இதனால்தான். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல், அதாவது நச்சு நீக்காமல், மருந்தில் சேர்க்கக் கூடாது என்று சித்த மருத்துவம் வலியுறுத்துவதன் அருமை இங்கே புரியும்.

இனி ஊசி. யூ ஷிங் சாவ் என்றொரு செடி. கசக்கினால் மீன் வாடை அடிக்கும், பெயரின் பொருளும் அதுதான். அதைச் சமைத்துச் சாப்பிடும் ஊர்கள் சீனாவில் உண்டு. ஆனால் அதன் சாற்றை ஊசிமருந்தாக்கி உடம்பில் ஏற்றியபோது கடுமையான எதிர்விளைவுகளும் மரணங்களும் நேர்ந்தன. 2006 ஜூனில் சீன அரசு அந்தச் செடி சேர்ந்த ஊசிகளை நிறுத்திவைத்தது. இப்படிப்பட்ட ஊசிகளில் முதல் தடவையிலேயே சிலர் விழுந்துவிடுவது ஒரு புதிராகத் தெரியும். ஐ.ஜி.ஈ உருவாக நேரமே இல்லையே? மாஸ்ட் செல்லில் இன்னொரு வாசலும் உண்டு. எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்2 என்ற ஏற்பி. சில ஊசிமருந்துகள் நேரே அந்த வாசலைத் தட்டி ஹிஸ்டமினைக் கொட்டவைக்கின்றன என்று 2015-இல் விளக்கம் கிடைத்தது. முன்பழக்கமே தேவையில்லை. சாற்றை நீரில் கரைக்கச் சேர்க்கும் பாலிசார்பேட் 80 போன்ற துணைப்பொருளும் மாஸ்ட் செல்லைச் சீண்டும். வாய்வழி போனால் குடலும் கல்லீரலும் வடிகட்டி அனுப்பும். ரத்தக் குழாயில் நேரே ஏற்றினால் அந்தக் காவல் இல்லை.

ஒவ்வாமையே அல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த வேறொன்று கலந்துவிட்டது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்தச் செடியின் பேரினம்தான். அந்த அமிலம் விஷம். ஒவ்வாமை சிலரைத்தான் பிடிக்கும், கொஞ்சம் பட்டாலே போதும். விஷம் அளவு ஏற ஏற யாரையும் பிடிக்கும், அரிப்பு தடிப்பு என்று எச்சரிக்கையும் தராது.

களிம்புகளில் வேறொரு சிக்கல். 1999-இல் லண்டனில் தோல் மருத்துவர்கள் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தார்கள். 8-இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு ஒவ்வாமையையே அமுக்கிவிடும். அதே களிம்பில் இருக்கும் மூலிகை ஒத்துக்கொள்ளாவிட்டாலும், நிறுத்தும்வரை அது வெளியே தெரியாமல் போகலாம்.

சரி, குற்றவாளியை எப்படிப் பிடிப்பது? தைலம், களிம்பு என்றால் பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருளைச் சின்னச் சின்ன வட்டங்களில் வைத்து முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள். எடுத்தவுடன் ஒரு முறையும், இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் வந்த தடிப்பு என்றால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை. பன்னிரண்டு சரக்குக் கஷாயத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும், அதற்குச் சரக்கு கையில் இருக்க வேண்டும். பயந்துபோய் வீட்டில் முதலில் செய்வது பொட்டலத்தைக் குப்பையில் போடுவதுதான். தயவுசெய்து போடாதீர்கள். மிச்சமுள்ள சரக்கு, சீட்டு, புட்டி, சீன எழுத்துள்ள லேபிள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குக் குடித்தார், எத்தனை மணிக்குத் தடித்தது என்று எழுதி வையுங்கள். குரல் கம்மி, தொண்டை அடைத்து, தலை சுற்றினால் மட்டும் எதற்கும் நிற்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அங்கே தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. பையை யாராவது பின்னால் கொண்டுவரட்டும்.