இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்: பழைய ஃபோர்-வீல் டிரக்கின் முன் ஆக்சில்

பின் ஆக்சிலுக்கு வேலை ஒன்றுதான். சக்கரத்தைச் சுற்றினால் போதும். முன் ஆக்சில் அதே வேலையைச் செய்துகொண்டே, சக்கரத்தை இடமும் வலமும் திரும்பவும் விட வேண்டும். எஞ்சினின் முழு இழுவையும் ஏறியிருக்கிற ஓர் இரும்புத் தண்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போதே முப்பது டிகிரி மடங்க வேண்டும். பழைய ஃபோர்-வீல் டிரக்குகளின் முன்பக்கக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மடக்கிலும், அதைச் சுற்றி நின்று சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் என்ற பாகத்திலும்தான் பிறக்கின்றன.

அந்த மடக்கில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பல டிரக்குகளில் அங்கே இருப்பது சாதாரண யூனிவர்சல் ஜாயின்ட், அதாவது நடுவில் ஒரு கிராஸ், அதன் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் வைத்த நான்கு கப். தண்டு நேராக இருக்கும்வரை இதில் குறையே இல்லை. சக்கரத்தைத் திருப்பியதும் வேடிக்கை தொடங்கும். உள்தண்டு ஒரே சீரான வேகத்தில் சுற்றினாலும், வெளித்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை பின்தங்கும். 30 டிகிரி மடக்கில் கணக்குப் போட்டால், வெளித்தண்டின் வேகம் சுமார் 13 சதவீதம் குறைந்தும் 15 சதவீதம் கூடியும் மாறி மாறி வரும். எஞ்சின் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் இதே ஜாயின்ட்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று இருப்பதால், ஒன்று செய்யும் தவறை மற்றொன்று சரிக்கட்டிவிடும். சக்கரத்தருகே இருப்பது ஒன்றே ஒன்று. சரிக்கட்ட ஆளில்லை. டிரக்கின் மொத்த எடையோடும் சேர்ந்து ஓடுவதால், சக்கரமும் சட்டென்று வேகம் மாற்ற முடியாது. அதனால் அந்தத் துடிப்பு ஸ்டியரிங்கில் வந்து கையை உதறும். ஃபோர்-வீலில் போட்டு முழுசாக வளைத்தால் ஸ்டியரிங் துடிப்பது பழுது அல்ல, அந்த ஜாயின்டின் இயல்பு. தெரியாமல் இதற்காக நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றியவர்கள் உண்டு.

இந்தத் துடிப்பைப் போக்க 1920களில் ஆல்ஃபிரட் செப்பா என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். ஆறு எஃகுக் குண்டுகளை ஒரு கூண்டுக்குள் வைத்து, வளைவான பள்ளங்களில் ஓடவிட்டார். தண்டு எந்தக் கோணத்தில் மடங்கினாலும் அந்தக் குண்டுகள் கோணத்தின் சரிபாதித் தளத்தில் போய் நிற்கும். உள்ளே என்ன வேகமோ அதுவே வெளியே. டொயோட்டா லேண்ட் க்ரூசர் எஃப்ஜே40, பழைய ஹைலக்ஸ் போன்றவற்றின் முன் ஆக்சிலில் இருப்பது இந்த வகைதான். பர்ஃபீல்டு என்று சொல்வார்கள்.

சரி, உங்கள் முன்னால் நிற்கும் வண்டியில் இருப்பது எது? நாற்பது வருடம் ஓடிய டிரக் என்றால் பதிவுப் புத்தகத்தையோ போனட்டில் உள்ள பெயரையோ நம்பி பாகம் வாங்கக் கூடாது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், வேறு வண்டியின் ஆக்சிலைக் கழற்றி இதில் மாட்டியிருக்கலாம். ஹவுசிங் என்ற வெளிக்கூடு ஒரு வருடத்தது, சக்கரம் மாட்டும் ஹப் இன்னொரு வருடத்தது, உள்ளே இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் வேறொன்று என்பதெல்லாம் சாதாரணம். இரும்பைத்தான் படிக்க வேண்டும்.

பலர் முதலில் செய்வது, இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் மூடியில் போல்ட்டை எண்ணுவது. எண்ணிக்கை மட்டும் இங்கே கைகொடுக்காது. டேனா நிறுவனத்தின் ஆக்சில்களான டேனா 30, டேனா 44, டேனா 60 மூன்றுக்கும் பத்து போல்ட். ஷெவர்லே கே வரிசையில் 1970களின் பிற்பகுதியிலிருந்து வந்த ஜி.எம். ஆக்சிலுக்குப் பெயரே டென்-போல்ட். ஆக, மூடியின் உருவத்தைப் பார்க்க வேண்டும். ஜி.எம். மூடி கிட்டத்தட்ட வட்டம். டேனா மூடிகள் மூலைகள் தட்டியது போலக் கோணலாக இருக்கும். டேனாக்களுக்குள்ளே அளவு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: 30-ன் கிரவுன் சுமார் 7.2 அங்குலம், 44-க்கு 8.5, 60-க்கு 9.75. ஹவுசிங்கின் அடிப்பக்க விலா ஒன்றில் 30, 44, 60 என்ற எண் வார்ப்பிலேயே புடைத்து நிற்பதும் உண்டு. அதன்மேல் பல வருடத்துச் சேறும் எண்ணெயும் கெட்டிப்பட்டிருக்கும். கம்பி பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் எடுத்துக்கொண்டு பொறுமையாகத் தேய்த்தால் எண் மேலே வரும். ஆக்சில் குழாயில் குத்தப்பட்ட நீளமான எண்ணும் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தத் தண்டு, எந்தப் பல் விகிதம் என்று ஆலையிலிருந்து வெளியே வந்த நாளின் விவரம் அதில் இருக்கிறது. மூடியே இல்லாமல், டிஃபரன்ஷியல் மொத்தமும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் பக்கமாகக் கழன்று வரும்படி இருந்தால் அது டொயோட்டா வழி.

டிஃபரன்ஷியல் குடுவை எந்தப் பக்கம் என்பதும் பெரிய துப்பு. 1970களின் ஃபோர்டு டிரக்குகளில் டிஃபரன்ஷியல் இடப்பக்கம், அதே காலத்து ஷெவர்லேயில் வலப்பக்கம். முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஆக்சிலிலும் இருக்க வேண்டும். பக்கம் மாறிய ஆக்சிலை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் குறுக்கே போக வேண்டியிருக்கும்.

அடுத்து, கிரவுனைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியன் எந்த உயரத்தில் நுழைகிறது என்று குனிந்து பாருங்கள். ஆக்சிலின் மையக் கோட்டுக்குக் கீழே நுழைந்தால் அது சாதாரண அமைப்பு. மேலே நுழைந்தால் ஹை-பினியன். 1978, 1979 ஃபோர்டு எஃப்-150, ப்ரோங்கோவில் வந்த டேனா 44 இந்த வகை. கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று முன்னே இழுக்கும்போது பளு தாங்க வெட்டப்பட்டது, மற்றது ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி உருளும்போது வேலை செய்வது. பின் ஆக்சிலுக்கென வெட்டிய பல்லை முன்னே போட்டால் முன்னோக்கி ஓடும்போது பலவீனமான முகத்தில்தான் பளு விழும். ஹை-பினியனில் பல்லை எதிர்த் திசையில் வெட்டி, முன் ஆக்சிலிலும் வலுவான முகமே இழுக்கும்படி செய்தார்கள். பெட்டியில் இரண்டுக்கும் டேனா 44 என்றே எழுதியிருந்தாலும், இதன் கிரவுன்-பினியன் அதில் ஏறாது.

பல் விகிதம் தெரிய மூடியைத் திறக்க வேண்டியதில்லை. மூடி போல்ட் ஒன்றின் அடியில் சிறு தகடு தொங்கினால் அதிலேயே எழுதியிருக்கும். ஆனால் கிரவுனை மாற்றியவர் தகட்டை மாற்றியிருக்க மாட்டார், அதனால் நானாக இருந்தால் எண்ணித்தான் பார்ப்பேன். முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் ஹப் இரண்டையும் லாக் செய்து சக்கரங்களைத் தண்டோடு பூட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸை டூ-வீலில் விடுங்கள். டயரிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். ஏன் இரண்டு? மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், டிஃபரன்ஷியலுக்குப் போய்ச் சேருவது இந்தச் சக்கரத்தின் சுற்றில் பாதிதான். நாலுக்குச் சற்று மேல் வந்தால் 4.10 ஆக இருக்கலாம், அதாவது 41 பல் கிரவுன், 10 பல் பினியன். மூன்றே முக்கால் அளவில் நின்றால் 3.73 ஆக இருக்கலாம், 41-க்கு 11.

பின் ஆக்சிலும் இதே விகிதமா என்று அதே கோட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் விகிதம் மாறியிருந்தால் ஃபோர்-வீலில் போட்டதுமே ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். விகிதம் சரியாகவே இருந்தாலும் காய்ந்த தார்ச்சாலையில் இந்த டிரக்குகளை ஃபோர்-வீலில் வளைக்கக் கூடாது. வளைவில் முன் ஆக்சில் போகிற வட்டம் பின் ஆக்சிலின் வட்டத்தைவிடப் பெரியது. முன்-பின் சக்கர இடைவெளி 3 மீட்டர், பின் ஆக்சிலின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், முன் ஆக்சிலின் நடுப்பகுதி சுமார் 6.7 மீட்டர் ஆரத்தில் போகும். பத்து சதவீதத்துக்கும் மேல் அதிக தூரம். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்திருக்கிறது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த சாலையில் வழுக்க இடமில்லாமல் முறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஏதாவது ஒரு கிராஸை உடைத்துத்தான் அடங்கும்.

விகிதத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. டேனா 44-ல் 3.73 வரை ஒரு டிஃபரன்ஷியல் கேஸ், அதாவது கிரவுனைத் தாங்கும் கூடு, 3.92-லிருந்து வேறு கேஸ். விகிதம் கூடக் கூட பினியன் தலை சிறுக்கும், அதை எட்டிப் பிடிக்க கிரவுன் நெருங்கி வர வேண்டும், அதற்காகத்தான் கேஸின் விளிம்பு இடம் மாறுகிறது. கிரவுன்-பினியனை மட்டும் வாங்கி வந்து திகைத்து நிற்க வேண்டாம்.

இனி பழுது. டயரை மேலும் கீழும், மணிக்கூட்டின் 12-லும் 6-லும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கா, நக்கிளை ஆக்சில் முனையோடு கீல் போல இணைக்கும் பால் ஜாயின்டா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் ஹப்பை நக்கிளோடு சேர்த்துப் பூட்டிவிடும். இப்போது ஆட்டம் நின்றால் குற்றவாளி வீல் பேரிங். நிற்காவிட்டால் நக்கிளே ஆக்சில் முனையில் ஆடுகிறது, பால் ஜாயின்டையோ, சில ஆக்சில்களில் அதன் இடத்தில் இருக்கும் கிங்பின்னையோ பார்க்க வேண்டும்.

டேனா 44-ல் பெரும்பாலும் மேலும் கீழும் இரண்டு பால் ஜாயின்ட். 1970, 80களின் டேனா 60-ல் கிங்பின். இதை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்: நக்கிளின் உச்சியில் கோட்டை வடிவ நட்டும் காட்டர் பின்னும் தெரிந்தால் பால் ஜாயின்ட், நான்கு போல்ட் வைத்த கனமான மூடி இருந்தால் கிங்பின். அந்த மூடிக்கு அடியில் வலுவான ஸ்பிரிங் அமுங்கியிருக்கும், போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். உள்ளே கூம்பு வடிவில் ஒரு நைலான் புஷ். கீழே டேப்பர் பேரிங். அந்த நைலான் தேய்ந்ததும் ஸ்பிரிங் அழுத்தம் போய், ஒரு சிறு குழியில் இறங்கினாலே முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். ஸ்டியரிங் டேம்பரைப் புதிதாகப் போட்டால் கொஞ்ச நாள் அடங்கும். அது நோயை மறைக்கிற வைத்தியம். புஷ்ஷின் விலையைப் பார்த்தால் அதையே மாற்றிவிடலாம்.

தண்டிலுள்ள கிராஸ் செத்துவிட்டதா என்பதற்கு நிறமே சாட்சி. கப்பின் வாயருகே செம்மண் தூவினது போல நைசான பொடி படிந்திருந்தால், கிரீஸ் என்றோ வற்றிப்போய் ஊசிகள் துருவாகி அரைந்து வெளியே வருகின்றன என்று பொருள். புது கிராஸை அழுத்தும்போது ஒரு கப் கடைசி மில்லிமீட்டரில் நின்றுகொண்டு, சர்க்லிப் என்ற பூட்டு வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவிடாமல் அடம்பிடிக்கும். சுத்தியலை எடுக்காதீர்கள். ஊசி ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் குறுக்கே கிடக்கிறது. கழற்றி, ஊசிகளைக் கெட்டியான கிரீஸால் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மறுபடி நேராக அழுத்தினால் தானாக உட்காரும்.

பர்ஃபீல்டு உள்ள ஆக்சிலில் கதை வேறு. அங்கே ஜாயின்ட் ஒரு மூடிய இரும்பு உருண்டைக்குள் கிரீஸில் முங்கிக் கிடக்கும். உருண்டையின் பின்னால் கருப்பாக ஒழுகி டயரின் உள்பக்கம் நனைந்திருந்தால், பலர் வெளியே தெரியும் வைப்பர் சீலை மட்டும் மாற்றுவார்கள். ஒழுகல் திரும்ப வரும். உண்மையான குற்றவாளி உள்ளே, ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் சின்ன எண்ணெய் சீல். அது போனதும் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் உருண்டைக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கிறது. நான் முதல்முறை ஒரு நக்கிளைப் பிரித்தபோது கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கூழ் மாதிரி ஏதோ கொட்டி, கீழே வைத்திருந்த தட்டு நிரம்பி வழிந்தது. அந்தச் சீலை மாற்றி, உருண்டையைத் துடைத்துச் சுத்தம் செய்து, மாலிப்டினம் கலந்த கிரீஸைப் புதிதாக அடைத்த பிறகுதான் ஒழுகல் நின்றது. இறுக்கித் திருப்பும்போது டக்-டக் என்று சத்தம் வந்தால் குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்திருக்கிறது. தேய்மானம் முன்னோக்கி இழுக்கும் முகத்தில்தான் அதிகம். அதனால் இடது ஜாயின்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால், தேயாத முகம் வேலைக்கு வந்து இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

ஹப் சுற்றும் குழாயான ஸ்டப்பைக் கழற்றியிருக்கும்போதே அதன் உள்துளையில் விரலை விட்டுப் பாருங்கள். டேனா 44-ல் அங்கே ஒரு ஊசி பேரிங், டொயோட்டாவில் ஒரு வெண்கல புஷ். வெளித்தண்டைத் தாங்குவது அதுதான், மறக்கப்படுவதும் அதுதான். வீல் பேரிங்கைப் பூட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பேரிங் நன்றாக உட்கார்ந்ததும் அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் அளவு தளர்த்தி, லாக் வாஷர் போட்டு, வெளி நட்டை இறுக்குங்கள். வெளி நட்டு இறுகும்போது உள் நட்டையும் கொஞ்சம் தள்ளிவிடும். ஆகவே எல்லாம் முடிந்த பின் ஹப்பை மறுபடி கையால் சுற்றி, தடையில்லாமல் ஓடுகிறதா, ஆட்டம் இல்லையா என்று இரண்டையும் பாருங்கள்.

மூடியைப் பூட்டிக் கியர் ஆயில் ஊற்றும் முன், ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுப்போக்கியைக் கழற்றி வாயால் ஊதுங்கள். காற்று போகாவிட்டால், ஆக்சில் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, நீங்கள் இப்போது மாட்டிய புதுச் சீல்கள் வழியாகவே எண்ணெயைத் தள்ளும். அதே சூட்டோடு ஓடையில் இறக்கினால் உள்காற்று சட்டெனச் சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பழைய எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்து வந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஒரு ரப்பர் குழாயை பிரீதரில் மாட்டி, மறுமுனையைப் போனட்டுக்கு அடியில் உயரமாகக் கட்டிவிடுங்கள். அதற்கு அப்புறம் எண்ணெயை ஊற்றுங்கள்.