கேரவனுக்குப் பின்பாரம் ஏற்றாதீர்கள்

இந்த வருஷத்தில் இது மூன்றாவது வண்டி. பள்ளி விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை, மலைப்பக்கம் இருக்கும் ஜண்டா பாய்க்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஒரு குடும்பம் கோலாலம்பூருக்குத் திரும்பியிருக்கிறது. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா தாண்டி கோம்பாக் பக்கம் இறங்கும்போது, பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்து வந்த கேரவன், அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி, ஆட ஆரம்பித்திருக்கிறது. நாலு ஆட்டம், ஐந்து ஆட்டம், அவ்வளவுதான். இடது பக்கமாகச் சாய்ந்து இரும்புத் தடுப்பில் உரசிக்கொண்டே போய் நின்றது. பிக்கப் குறுக்கே திரும்பி இரண்டு தடத்தையும் மறித்துவிட்டது. பின்னால் வந்த லோரிக்காரர் தூரம் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புண்ணியவானால்தான் நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

திங்கள்கிழமை காலை அந்த கேரவன் லோரியில் ஏறி செந்தூலில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. வண்டிக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "சாமானெல்லாம் எங்கே வச்சிருந்தீங்க அண்ணே?" என்பதுதான்.

"பின்னாடி ரேக்குலதான் தம்பி. முன்னால வச்சா காரோட பின்பக்கம் அமுங்குது. நம்ம ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் வைக்கிறாங்க. கேரவனோட முன்முனை, அந்த மூக்கு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா, என் பையனே ஒரு கையால தூக்கி மாட்டிடுவான்."

அவர் பொய் சொல்லவில்லை, அலட்சியமான ஆளும் இல்லை. டயர் காற்று பார்த்திருக்கிறார், விளக்கு பார்த்திருக்கிறார், மெதுவாகத்தான் ஓட்டினேன் என்கிறார். ஆனால் கூட முகாம் போடுகிறவர்கள் அன்போடு சொல்லிக்கொடுத்த ஒரு தவறான பாடம் அவர் குடும்பத்தையே கவிழ்த்திருக்கும். இதே பாடத்தைத்தான் முதல் இரண்டு வண்டிக்காரர்களும் என்னிடம் ஒப்பித்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு வார்த்தை அவர் வாயில் வந்துகொண்டே இருக்கும். பாரம் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழவேண்டும், நுகத்தடி மாட்டின் கழுத்தில் லேசாக அழுந்தவேண்டும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். கேரவன் என்பது அச்சு நடுவில் இருக்கும் அதே வண்டிதான். மாட்டுக்குப் பதில் கார் நிற்கிறது. மாடு ஓடாத வேகத்தில் கார் ஓடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

கேரவனின் மூக்கு, காரின் பின்னால் இருக்கும் இணைப்புப் பந்தான டோ பால் மேல் எவ்வளவு கனமாக அழுந்துகிறதோ, அதைப் பட்டறையில் மூக்குக் கனம் என்போம். அது கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் இருக்கவேண்டும் என்பது ஆஸ்திரேலியாக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அமெரிக்க வகை வண்டிகளுக்கு 10 முதல் 15 வரை சொல்வார்கள். ஐரோப்பாவில் செய்த லேசான கேரவன்களுக்கு அதைவிடக் குறைவு, 5 முதல் 7 வரை. உங்கள் வண்டி எந்த வகை என்று அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வகையாக இருந்தாலும், ஒரு பையன் ஒரு கையால் தூக்கும் மூக்கு சரியான மூக்கு இல்லை. லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

அந்த அண்ணனை நிற்கவைத்து, சிதறிக் கிடந்ததையெல்லாம் அவர் சொன்ன இடங்களிலேயே திரும்ப அடுக்கினோம். பின் ரேக்கில் ஜெனரேட்டர் 22 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அது 40 கிலோ. நிறைந்த சமையல் எரிவாயுத் தோம்பு ஒன்று, உருளையின் இரும்போடு சேர்த்து 28 கிலோ. மொத்தம் 90. ரேக் அச்சிலிருந்து 2.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. அச்சிலிருந்து டோ பால் வரை 3.6 மீட்டர். 90-ஐ 2.2-ஆல் பெருக்கி 3.6-ஆல் வகுத்தால் 55 வருகிறது. அதாவது பின்னால் ஏற்றிய 90 கிலோ, முன்னால் மூக்கிலிருந்து 55 கிலோவைத் தூக்கி எடுத்துவிட்டது. மிஞ்சிய மூக்குக் கனம் 34 கிலோ. கேரவனின் எடை சாமானோடு 1,180 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3 சதவீதம் கூட இல்லை. அவரும் பக்கத்தில் நின்று போனில் கணக்குப் போட்டார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

"ஆனா 60-ல போகும்போது ஒண்ணுமே தெரியலையே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். தெரியாது. அதுதான் இதில் உள்ள மோசம். விரைவுப் பேருந்து ஒன்று உங்களைக் கடக்கும்போது அதன் காற்று கேரவனின் வாலைக் கொஞ்சம் தள்ளும். முன்பாரம் இருந்தால் வால் ஒருமுறை அசைந்து அடங்கிவிடும். பின்பாரம் இருந்தால் அந்தக் கனமே வாலை இன்னும் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது போன தூரத்தைவிட அதிகமாக மறுபக்கம் போகும். குறைந்த வேகத்தில் டயரின் பிடிப்பு இதை அடக்கிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடக்க முடியாது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஓடும் பட்டையின் மேல் பொம்மைக் காரையும் பொம்மை ட்ரெய்லரையும் வைத்து, எடையை முன்னும் பின்னும் மாற்றிக் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். இறக்கத்தில் இது இன்னும் கெட்டது, ஏனென்றால் அங்கே கேரவன்தான் காரைத் தள்ளுகிறது. ஜண்டா பாய்க்குக்குப் போகும்போது ஏறிய அதே சாலை, வரும்போது வேறு சாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காரின் பின்பக்கம் அமுங்குகிறது என்ற கவலை நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. மூக்குக் கனம் அளவுக்கு மேல் போனால் காரின் முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடி தளரும், முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஆனால் அதற்கு மருந்து, சாமானைக் குறைப்பது. தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், 1 லிட்டர் 1 கிலோ என்பதை மறக்காதீர்கள். கனமான சாமானை அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலேயும், தரையோடு தரையாக வையுங்கள். காரில் இடம் இருந்தால் காரில் வையுங்கள். டோ பால் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டமான டோ பாரில் அது தாங்கும் மூக்குக் கனம் எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். அந்த அளவுக்குள் உங்கள் வண்டி வகைக்கு உரிய சதவீதம் வரவில்லை என்றால் உங்கள் கேரவன் உங்கள் காருக்குப் பெரியது. இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள். வேறு வழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"என் பிக்கப் 3,500 கிலோ இழுக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான அளவு. அதே கையேட்டில் அடுத்த வரியில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோ என்று இருக்கும், அந்த வரியை யாரும் படிப்பதில்லை. இழுக்கும் சக்தி வேறு, நிறுத்தும் சக்தி வேறு. ஆட்டத்தை அடக்குவது இந்த இரண்டுமே இல்லை. ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் மாட்டிவிட்டேன், இனி பயமில்லை என்று வருகிறவர்களும் உண்டு. நானே அதை மாட்டிக்கொடுக்கிறேன், நல்ல பொருள்தான். ஆனால் சரியாகச் சாமான் ஏற்றிய வண்டிக்குத்தான் அது துணை. பின்பாரத்தை அது சரிசெய்யாது, ஆட்டம் தொடங்கும் வேகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அந்த வேகத்தில் ஆடத் தொடங்கினால் இன்னும் மோசம்.

மூக்குக் கனத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஆள் எடை பார்க்கும் மெஷின், ஒரு உறுதியான பலகை, ஒரு செங்கல் போதும். சமதரையில் கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை மெஷின் மேல். மெஷினும் செங்கலும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். மூக்கின் நுனியில் டோ பாலைக் கவ்வும் கப்ளரை ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்துப் பலகையில் இறக்கவேண்டும். அந்த இடம் செங்கலிலிருந்து 1 அடி, மெஷினிலிருந்து 2 அடி. மூக்கு காரில் மாட்டும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்கவேண்டும். வெறும் பலகைக்கு மெஷின் காட்டும் எடையைக் கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்குங்கள். அந்த அண்ணனின் வண்டிக்கு மெஷினில் 11 கிலோ சொச்சம்தான் வந்தது. முள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை.

சரி, ஓடும்போதே ஆட ஆரம்பித்துவிட்டால்? கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். கார் பிரேக்கை அழுத்தினால் கேரவன் உங்களைத் தள்ளிக்கொண்டு மடங்கும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் ஆட்டம் பெரிதாகும், ஆக்சிலரேட்டரை அழுத்தித் தப்பிக்கலாம் என்பதும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கேரவனில் மின்சார பிரேக் இருந்து, காருக்குள் அதன் கண்ட்ரோலர் இருந்தால், கையால் கேரவன் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். அது மூக்கைப் பின்னால் இழுத்து நேராக்கும். அந்த கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவிப் பார்க்காமலே கை போகவேண்டும், வீட்டு வாசலில் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்றதும் ஓரமாக நிறுத்தி, சாமானை மாற்றி வைத்த பிறகுதான் கிளம்பவேண்டும். அடங்கிவிட்டதே என்று அதே வேகத்துக்கு மறுபடி போகிறவர்களை என்ன சொல்ல?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரவன் டயர் தேய்ந்து போவதில்லை, வயதாகிப் போகிறது. வருஷத்தில் மூன்று பயணம், மீதி நாளெல்லாம் நம் ஊர் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிறது. டயரின் மேல் வெட்டிய பூ அப்படியே இருக்கிறதே என்று விரலை விட்டுக் காட்டாதீர்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. அந்த அண்ணனின் டயரில் அதுதான் இருந்தது, பக்கவாட்டில் தலைமுடி அளவு வெடிப்புகள், விரலால் அமுக்கினால் வாய் திறந்தன.

டோ பால் அளவும் கவனம். இங்கே பெரும்பாலும் 50 மில்லிமீட்டர். அமெரிக்கக் கப்ளர் 2 அங்குலம், அதாவது 50.8. அந்த முக்கால் மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரிய கப்ளர் சின்ன பந்தில் கடகடவென்று ஆடும், சின்ன கப்ளர் பெரிய பந்தில் பூட்டியது போலக் காட்டும், பூட்டியிருக்காது. பூட்டிய பிறகு முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கை உயர்த்திப் பாருங்கள், காரின் பின்பக்கமும் சேர்ந்து எழவேண்டும். சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றால் கேரவன் பிரேக்கை இழுக்கும் கேபிளை டோ பாலில் சுற்றாதீர்கள், காரில் தனியாக மாட்டுங்கள். புதிதாக மாட்டிய சக்கர நட்டை 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். முதல் ஓய்விடத்தில் இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சக்கரத்தோடு மலை ஏறவேண்டாம்.

வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறை வருகிறது, போர்ட்டிக்சன், கேமரன் மலை என்று கூட்டமாகக் கிளம்புவீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் என் பட்டறை வாசலுக்கு வாருங்கள், மூக்குக் கனம் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். ஆனால் வெறும் கேரவனோடு வராதீர்கள். தண்ணீர், தோம்பு, ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், மடக்கு நாற்காலி என்று எப்படிப் போவீர்களோ அப்படியே ஏற்றிக்கொண்டு வாருங்கள். பலகையும் செங்கலும் வாசலிலேயே கிடக்கும்.