டிராக்‌ஷன் எஞ்சின்: தமிழில் இழுவைப்பொறி

தண்டவாளம் இல்லாமல் சாலையில் ஓடும், புதுப்பித்த பழைய நீராவி எஞ்சினை ஒரு நாள் முழுக்க நாமே ஓட்டிப் பார்க்கும் பயிற்சிகள் பிரிட்டனில் உண்டு. ஆங்கிலத்தில் அந்த வண்டிக்கு டிராக்‌ஷன் எஞ்சின் என்று பெயர். தமிழில் சட்டென்று 'நீராவி உழவு வண்டி' என்று எழுதத் தோன்றும். அது பொருந்தாது.

டிராக்‌ஷனின் வேர் 'டிராஹெரே' என்ற லத்தீன் வினை. இழுத்தல் என்று பொருள். டிராக்டரும் அதே வேரில் முளைத்ததுதான். எஞ்சினின் மூலமான 'இங்கேனியம்' முதலில் பிறவியில் அமைந்த அறிவுத்திறனைக் குறித்தது. பின்னர் அந்தத் திறனால் செய்த கருவிக்கே பெயராயிற்று.

இழுவை ஏன் பெயரில் ஏறியது? பண்ணைகளில் கதிரடிக்க உதவிய முந்தைய நீராவி எஞ்சின்களுக்குச் சக்கரம் இருந்தும் தாமாக நகரத் தெரியாது. குதிரைகள்தாம் பண்ணைக்குப் பண்ணை இழுத்துச் சென்றன. 1859இல் தாமஸ் ஏவ்லிங் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அப்படியொரு எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டிலிருந்து பின் அச்சுக்குச் சங்கிலி பூட்டி அதைத் தானே நகர வைத்தார். அப்போதும் திசை திருப்ப மட்டும் முன்னால் ஒரு குதிரை தேவைப்பட்டது! இழுபட்டது இழுப்பதாக மாறிய அந்த மாற்றம்தான் பெயரில் நிற்கிறது. உழவு அதன் பல வேலைகளில் ஒன்று. அதிலும் பெரும்பாலும் வயலோரம் நின்றபடி கம்பிவடத்தால் ஏரை இழுத்தது.

ஆகவே 'நீராவி இழுவைப்பொறி' என்பதே என் தேர்வு. 'ஈர்ப்பு' கூடாதா என்றால், கூடாது. காந்தம் தொடாமல் ஈர்க்கும். இது கொக்கி மாட்டி இழுக்கும். சக்கரம் தரையைப் பற்றுவதையும் டிராக்‌ஷன் என்பார்கள். அங்கே 'பிடிமானம்' போதும். பொறி என்ற சொல்லுக்கு எந்திரம், புலன், தீத்துளி என்று பல பொருள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீயரிங்கைப் பிடிப்பவரை 'ஓட்டுநர்' என்று எழுதுவதும் பிழை. ஓட்டுநர் நீராவியைத் திறந்து மூடுவார், கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடியில் கண் வைத்திருப்பார். வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் இன்னொருவர். அவர் ஸ்டீயரிங் வட்டைப் பல சுற்று சுற்ற வேண்டும். அதை முன் அச்சோடு இணைக்கும், தொய்ந்து கிடக்கும் சங்கிலி ஒரு பக்கம் இறுகிய பிறகே முன் அச்சு மெல்லத் திரும்பும். வளைவு வரும் முன்பே சுற்றத் தொடங்காவிட்டால் வண்டி நேராகப் போய்விடும். கப்பலோடு வந்த பழகிய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: சுக்கான். அவரைச் 'சுக்கான் பிடிப்பவர்' என்றே எழுதலாம்.